அக்குறணைக்கு ஒரு வெள்ளோட்டம்

கண்டிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், பாளையங்கோட்டையில் எல்லோரும் முதலில் கேட்பது, "புத்தருடைய பல்லைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்க்கவில்லை. மூன்று முறை தலதா மாளிகையின் வாசல் வரை போனேன். மூன்று முறையும் மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று அண்ணன் என்னை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டியில் நான் நன்றாகப் பார்த்தது அந்த ஒரு வண்டியைத்தான்.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. என் அண்ணன் இரண்டாம் வகுப்போடு இலங்கைக்குக் கப்பலேறியவர். கண்டியில் ஜவுளிக் கடையில் துணி கிழித்தே என்னைப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தவள் நான்தான். இப்போது பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அதைச் சொல்லியும் கொடுக்கிறேன். அண்ணன் எழுதியிருந்தார்: "தோட்டத்து டாக்டர் சீமைக்குத் திரும்புகிறார். அவருடைய மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டேன். பக்கத்தில் ஆள் உட்காரப் பெட்டி வைத்தது. திருகோணமலைக்குப் போகிறோம். லீவுக்கு நீயும் வா."

போகிறோம் என்றால் யார் யார்? நான் தமிழும் படித்தவள். 'நாம்' போகிறோம் என்று வாசித்துக்கொண்டு பெட்டி கட்டினேன். கண்டி ஸ்டேஷனில் இறங்கினால், அண்ணனுக்குப் பக்கத்தில் நெற்றியில் மோட்டார்க் கண்ணாடியோடு கனத்த மனிதர் ஒருவர் நின்றார்.

"இவுகதான் வைத்திலிங்கம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், சுருட்டுக் கடை வச்சிருக்காக," என்றார் அண்ணன். "நாங்க ரெண்டு பேருந்தான் திருகோணமலை போறோம்."

நாங்க. 'போகிறோம்' என்ற சொல்லில் ஒரே ஒரு எழுத்துக் கூட மாறாமல் என் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

ரிக்ஷாவில் ஏறும்போது வைத்திலிங்கம், "வடிவாப் பிடிச்சுக்கொண்டு இரும் பிள்ளை," என்றார். என் பெயர் வடிவு. பார்த்த ஐந்து நிமிடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் ஊரில் 'வடிவாக' என்றால் 'நன்றாக' என்று அர்த்தம் என்பதை வீட்டுக்கு வந்தபின் மதினி சொன்னாள். அதற்குள் அவரும் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று முடிவு செய்திருந்தார். அது முழுத் தவறு என்று சொல்ல முடியாது.

கண்டி குளிர் எனக்குப் பிடித்தது. மழை அங்கே கேட்டுக்கொண்டு வருவதில்லை. காலையில் ஏரிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தாற்போலப் பனி. பத்து மணிக்கு வெயில். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மழை. எங்கள் ஊரில் காப்பி கிடைக்காத தெருவைக் காட்ட முடியாது. இங்கே காப்பி கேட்டால் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். எங்கே போனாலும் தேத்தண்ணீர்தான். ரொட்டிக்குப் பெயர் பாண். அதைத் தேங்காய்ச் சம்பலோடு தின்ன வேண்டும். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் மதினியின் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

பெட்டி யாருக்கு என்ற வழக்கு இரண்டாம் நாள் சாப்பாட்டில் தொடங்கியது. பின்னால் மூட்டை கட்டிவிட்டால் மிச்சம் அந்த ஒரு இடம்தான். வைத்திலிங்கம் திருகோணமலையில் தம்பிக்குக் கடை பார்க்க வேண்டியவர், கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்தது ஒரு புத்தகம். வண்டியோடு டாக்டர் கொடுத்துவிட்டுப் போன, எண்பது பக்க இங்கிலீஷ் புத்தகம். எந்தத் திருகாணி எங்கே, எதற்கு எப்போது எண்ணெய், நின்றுபோனால் என்ன செய்வது எல்லாம் அதில் இருந்தது. அண்ணனுக்கும் அவருக்கும் அதில் படம் மட்டும்தான் புரியும்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மதினி திறந்துவிட்டாள். கைக்குழந்தையோடு தான் போக முடியாத கோபம் அவளுக்கு. "நடுக்காட்டுல வண்டி நின்னா என்ன செய்வீக? அண்ணாச்சி ஒரு சுருட்டப் பத்த வச்சா கிளம்பிருமா?"

வைத்திலிங்கம் சிரித்தார், அண்ணன் சிரிக்கவில்லை. யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து நான் வண்டியைத் தயார் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை, ஏழு மைல் தள்ளி இருக்கும் அக்குறணை வரை ஒரு வெள்ளோட்டம். எங்கேயும் நிற்காமல் போய் வந்தால் பெட்டி எனக்கு. நடுவழியில் நின்றால் வைத்திலிங்கத்துக்கு.

"எனக்கு ஓம்," என்றார் வைத்திலிங்கம். "கட்டி இழுக்க ஒரு மாட்டை நான் பாத்து வைக்கிறன்."

மறுநாளிலிருந்து நான் கராஜுக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டை ரோட்டில் தகரக் கூரை போட்ட இடம். முதலாளி காசிம் நானா, அக்குறணைக்காரர். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். பஸ் எஞ்சினைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளும் மனிதர். இந்த வண்டியைப் பார்த்து மட்டும் சலித்துக்கொண்டார். "பஸ்ஸுண்டா ஏசினா கேக்கும் தங்கச்சி. இது துரைமார்ட வீட்டுல வளந்தது. இதுக்கு ரோஷம் ஈக்குது." 'இருக்குது' அவர் வாயில் 'ஈக்குது' ஆகிவிடும்.

அவரிடம் குட்டப்பன் என்று ஒரு மலையாளத்து ஆள் வேலைக்கு இருந்தான். முப்பது வயதிருக்கும். கராஜுக்கு வந்து இரண்டு மாதம். பஸ் கழுவுவதும் சக்கரத்துக்குக் காற்றடிப்பதும் அவன் வேலை. நான் ஆசிரியை என்று தெரிந்ததும் டீச்சரே என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன். நானா செய்வார்; குட்டப்பன் எடுத்துக் கொடுப்பான். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊற வைத்தோம். பிரேக்கைத் தேய்த்தோம். கார்பைட் விளக்கைக் கொளுத்தி அதன் நாற்றத்தில் மூன்று பேரும் வெளியே ஓடினோம். நான் ஒரு சொல்லுக்கும் அகராதியைப் பார்க்கவில்லை. பார்த்தால் நானா கவனிப்பாரே என்றுதான்.

மாலையில் கடைவீதி. டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் ரப்பர், கயிறு, அரிக்கேன் விளக்கு என்று வாங்கினோம். திருகோணமலைக்கு என்று சொன்னால் போதும், கடைக்காரர்கள் எல்லோரும் யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஹபரணைக் காட்டில் யானை நின்றால் விளக்கை அணைக்கச் சொன்னார் கயிற்றுக் கடைக்காரர். அணைத்தால் செத்தீர்கள், தகரத்தைத் தட்ட வேண்டும் என்றார் பக்கத்து விளக்குக் கடைக்காரர். பிலிமத்தலாவையிலிருந்து சரக்கு வாங்க வந்த ஒரு சிங்களப் பெரியவர், இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, யானைக்கு வழிவிட்டு மரியாதையாக நில்லுங்கள், அது அவசரமாகப் போகிற பிராணி அல்ல என்று தம் மொழியில் சொன்னார். கடைக்காரர்தான் அதைத் தமிழில் சொன்னார். அது ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நானா காலையிலேயே வண்டியைக் கிளப்பிப் பார்த்து, "நல்லா ஈக்குது," என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு அக்குறணைக்குப் புறப்பட்டார். அங்கே பள்ளிவாசலுக்கு முன்னால் சந்திப்பதாக ஏற்பாடு. அண்ணனும் வைத்திலிங்கமும் வரக் காத்திருந்த நேரத்தில், கடைசியாக ஒருமுறை புத்தகத்தைப் புரட்டினேன். "கிளப்புவதற்கு முன்" என்ற தலைப்பில் முதல் வரியே நாங்கள் செய்யாதது. கார்புரேட்டரை 'ஃப்ளட்' செய்ய வேண்டுமாம். ஃப்ளட் என்றால் வெள்ளம். தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றி நான் இங்கிலீஷில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள்.

"குட்டப்பா, கார்புரேட்டருக்கு வெள்ளம் விடணும்," என்றேன்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "வெள்ளமோ டீச்சரே?"

"வெள்ளந்தான்."

"எஞ்சினிலோ?"

நான் பக்கத்தைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அச்சில் இருப்பதை எதிர்த்துப் பேசும் பழக்கமும் இல்லை. எவ்வளவு என்று கேட்டான். வழிகிற அளவுக்கு என்றேன். தலையைச் சொறிந்தான். தகர மக்கு ஒன்றோடு வந்து, மேலே விட்டால்தானே கீழே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து ஊற்றினான். நான் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மக்கில் பெட்ரோல் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் ஒரே உதையில் கிளப்பினார். புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. நான் பெட்டியில், வைத்திலிங்கம் சாட்சியாக அண்ணனுக்குப் பின்னால், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. மகாவலிப் பாலத்தில் கீழே யானைகள் குளித்துக்கொண்டிருந்தன. கொக்கோ மரங்களும் மிளகுக் கொடிகளும் ஓடின. ஒவ்வொரு கடைவாசலிலும் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் கையாட்டவில்லை, ஆனால் யாரும் என்னைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்குறணை ஏற்றத்தில் வண்டி தும்மியது. பிறகு இருமியது. பள்ளிவாசலுக்கு நேர் எதிரே, தொழுகை முடிந்து ஊரே படியிறங்குகிற நேரத்தில், நின்றது.

ஒரு நிமிடத்தில் எங்களைச் சுற்றி வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நூறு பேர். பெட்டிக்குள் இருந்த நான் இன்னும் சிறியவளானேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிம் நானா வந்தார். சலவை வெள்ளைச் சட்டையின் கையை மடக்கிவிட்டு, குழாயைக் கழற்றி, யாரோ கொடுத்த கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தார். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது.

"தண்ணி," என்றார் நானா. அவர் முகம் சிவந்தது. அவருடைய கராஜ் வண்டி, அவருடைய ஊர், அவருடைய பள்ளிவாசல் வாசல். "இது அந்தக் குட்டப்பன்ட வேல. மூடியத் தொறந்து போட்டுட்டுக் கழுவீக்கான். இன்னைக்கே அவன அனுப்பிட்டுத்தான் மறுவேல."

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப வண்டி மேலயும் தப்பில்ல, வடிவு மேலயும் தப்பில்ல. இது கணக்குல சேராது," என்று வைத்திலிங்கத்தைப் பார்த்தார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். யோசித்துவிட்டு, ஓம், அது நியாயம்தான் என்றார்.

பெட்டி எனக்கு. அவ்வளவு சுலபமாக.

நானாவுக்குக் கோபம் அடங்கவில்லை. கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலைல வந்தா வாளியும் கையுமாத்தான் திரிவான். வெள்ளம் எங்க, வெள்ளம் எங்கண்டு. அவன்ட பாஷைல தண்ணிக்கு வெள்ளம்."

திருவாங்கூர் எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். மலையாளத்து வெள்ளம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேவையான நேரத்தில் தெரியவில்லை. வெள்ளமோ டீச்சரே, எஞ்சினிலோ என்று அவன் இரண்டு முறை கேட்டான். முதல் முறை வெள்ளந்தான் என்றேன், இரண்டாம் முறை புத்தகத்தைக் காட்டினேன்.

சும்மா இருந்திருக்கலாம். குட்டப்பன் ஏழு மைலுக்கு அப்பால் பஸ் கழுவிக்கொண்டிருந்தான். அவன் வந்து சொன்னாலும், டீச்சர் சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் வீட்டின் பெருமை முழுவதும் இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு திருகோணமலை வரை உட்கார என்னால் முடியும் என்று தோன்றவில்லை. பெட்டியில் எழுந்து நின்றேன்.

"அவன் மேல தப்பில்ல நானா. நான்தான் ஊத்தச் சொன்னேன். வெள்ளம் விடுன்னு சொன்னேன். அவன் தண்ணின்னு எடுத்துக்கிட்டான்."

நானா குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புத்தகத்தில் அப்படியா போட்டிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். ஃப்ளட் என்று போட்டிருக்கிறது என்றேன். அவர் குனிந்து கார்புரேட்டரின் மேல் ஒரு சின்ன ஊசியைக் காட்டினார். "இத அமுக்கினா பெட்ரோல் கொஞ்சம் வழியும். அதத்தான் சொல்லுது. இத நான் காலைல ரெண்டு தரம் செஞ்சேனே தங்கச்சி, நீங்க பக்கத்துலதானே நிண்டீங்க." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் தமிழில் சொல்ல, அதற்கடுத்தவர் சிங்களத்தில் சொல்ல, சிரிப்பு ரோட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அண்ணன் மட்டும் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

தொட்டியைக் காலி செய்து துடைக்கும்வரை, நானாவின் மனைவி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். எல்லோரும் அவரை ராத்தா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வட்டிலப்பம் என்று ஒன்று கொடுத்தார். தேங்காய்ப்பாலும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் சேர்த்து அவித்தது. எங்கள் ஊர்ப் பனங்கருப்பட்டிக்கு ஈடு உலகத்தில் கிடையாது என்று இதுவரை சொல்லிவந்தேன். இனி கொஞ்சம் யோசித்துச் சொல்வேன். அதில் முட்டை உண்டு என்பதை இரண்டாம் துண்டு தின்ற பிறகு சொன்னார்கள். எங்கள் வீடு சைவம். மூன்றாம் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது வைத்திலிங்கம் பெட்டியில் உட்கார்ந்தார். அது அவர் ஜெயித்த இடம். நான் பஸ்ஸில் வந்தேன். ஒரு பலாப்பழத்துக்கும் இரண்டு கோழிகளுக்கும் நடுவில், நிமிர்ந்து உட்கார இடமில்லாமல்.

சனிக்கிழமை காலையில் குட்டப்பனைத் தேடிப் போனேன். விஷயம் அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போன வாக்கியத்தை நான் எடுக்கும் முன்பே, "அடுத்தது எந்தா டீச்சரே? தீ வைக்கணுமோ?" என்றான். உண்மையில் அடுத்த அத்தியாயம் தீப்பொறியைப் பற்றியதுதான். அன்று முழுவதும் நான் ஒரு சொல்லையும் மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு உறுப்பிலும் விரலை வைத்து இதுவா, இதுவா என்று அவனையும் நானாவையும் கேட்டு, அவர்கள் சொன்ன பெயரைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அண்ணனுக்காவது பயன்படட்டும் என்றுதான்.

சாயங்காலம் வைத்திலிங்கம் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரும்போதே முகம் சுளித்தார். மதினி கொடுத்த தேத்தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, அண்ணனிடம், தான் ரயிலில் போவதாகவும் திருகோணமலை ஸ்டேஷனில் எங்களுக்காக நிற்பதாகவும் சொன்னார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. பெட்டி உங்களுடையதுதானே என்றார்.

"அந்தப் பெட்டிக்குள்ளை நான் ஏழு மைல் இருந்து பாத்தனான். என்ரை முழங்கால் ரெண்டும் இப்பவும் அதுக்குள்ளைதான் கிடக்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் வேறாக இருந்தது. "அது ஒண்டு. மற்றது, காட்டுக்குள்ளை வண்டி நிண்டா, பிழை எங்கை எண்டு சொல்லுற ஆள்தான் பக்கத்திலை வேணும். நான் கடைக்காரன். எனக்கு அது வராது. நீர் போம் பிள்ளை."

அண்ணன் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார். அங்கே மதினியிடம், "வெள்ளனா எழுப்பிவிடு, ரெண்டு பேருக்கும் சோறு கட்டணும்," என்று சொன்னது எனக்குக் கேட்டது. அக்குறணைக்குப் பிறகு என்னையும் சேர்த்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டி வாசலில் நின்றது. பின்னால் மூட்டை, கயிறு, விளக்கு. பெட்டியில் நான். காலை நீட்ட இடமில்லை. பெட்ரோல் டின் இரண்டும் என் பாதத்துக்கு அடியில் இருந்தன. மடியில் சோற்றுப் பொட்டலமும் புத்தகமும். தெரு விளக்கு வெளிச்சத்தில் ரோடு என் கண்ணுக்கு மிகப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற உயரத்தில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இடம் எனக்குத்தான் வேண்டும் என்று அத்தனை நாள் சண்டை போட்டேனே தவிர, இதில் உட்கார்ந்து நூறு மைலுக்கு மேல் போகத் தைரியம் இருக்கிறதா என்று ஒருநாளும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இல்லை. கொஞ்சமும் இல்லை.

இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். வைத்திலிங்கம் ரயிலுக்குப் போய்விட்டார். மதினி குழந்தையோடு வாசலில் நின்று, தானே போவதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்ததில், பிழையைத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"போவமா?" என்று அண்ணன் கேட்டார்.

"நான் எப்பவோ தயார்," என்றேன்.